எலுமிச்சம்பழம் போட்ட கோல்

முட்டாள்தனத்தில் நான் யாருக்கும் இளைத்தவனில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு நீங்கள் சிரிக்கும்போது நானும் கூடச் சேர்ந்து சிரிக்கலாம். எட்டு வயதில், எங்கள் ஊரில் ஹாக்கி தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஆட்டத்தை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை என்பது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. பனைமட்டையின் அடிப்பக்கம் இயற்கையாகவே வளைந்திருக்கும். அதை வெட்டிப் பையன்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தேன். கந்தல் துணியைச் சுருட்டிப் பந்தாக்கினேன். சட்டதிட்டங்களை நானே இயற்றினேன். பந்து கிணற்றில் விழுந்தால் அடித்தவன் இறங்கி எடுக்க வேண்டும். பந்து எருமைமேல் பட்டால் இரண்டு கோல். எருமை எங்கள் வீட்டு எருமையாக இருந்தால் மூன்று. எவனாவது சந்தேகப்பட்டால், "எங்க மாமனே சொன்னாரு" என்று ஒரு போடு போடுவேன். அத்தோடு சரி.

மாமன் அப்படி எதுவும் சொன்னவரில்லை. அவர் என் அம்மாவுக்குத் தம்பி. தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்தது அம்மாதான். சேலத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. பேருக்குப் பஞ்சுக் கிடங்கில் ஆள். நிஜத்தில் மில்லின் ஹாக்கி டீமுக்குக் கோல் காக்கிறவர். அந்தக் காலத்தில் மில் முதலாளிகளுக்கு ஆட்டக்காரர்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வதில் ஒரு கௌரவம் இருந்தது. சிலர் ரேக்ளா மாடு வளர்க்கவில்லையா, அது மாதிரி. மாமனுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. அது கிடங்கில் மூட்டை அடுக்கியதற்கு அல்ல, பந்தை உள்ளே விடாமல் நின்றதற்கு.

இதை எங்கள் பக்கத்து ஜனங்களால் ஜீரணிக்க முடியவில்லை. எங்களில் பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் முகத்தை அவ்வளவாகப் பார்க்க மாட்டார்கள். கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். மாட்டின் முதுகைத் தட்டிப் பார்ப்பார்கள். தோட்டத்து மண்ணை ஒரு கை அள்ளி நொறுக்கிப் பார்ப்பார்கள். மாமனிடம் கிணறும் இல்லை, மாடும் இல்லை, நொறுக்குவதற்கு மண்ணும் இல்லை. ஏற்கெனவே இரண்டு இடம் வந்து, "என்ன வேலைங்க?" என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் மோர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். பந்துக்குக் காவல் இருக்கிறவனை நம்பி யார் பெண்ணைக் கட்டிக் கொடுப்பார்கள்?

மூன்றாவதாக நாமகிரிப்பேட்டையிலிருந்து ஓர் இடம் வந்தது. பெண்ணின் அப்பா மஞ்சள் விவசாயி. கை நகமெல்லாம் மஞ்சளாக இருக்கும். எண்ணிப் பேசுகிற மனிதர். அவர் எழுந்து போகவில்லை. மோரை நிதானமாகக் குடித்துவிட்டு ஒன்று சொன்னார்.

"தோட்டம் இல்லாட்டிப் பரவால்லீங்க. மாப்பிள்ளை எந்தக் காட்டுல வெள்ளாமை பண்றாரோ, அந்தக் காட்டை ஒருக்காப் பாத்துப் போடறேன்."

அதாவது, ஹாக்கி மேட்ச் பார்க்க வருகிறேன் என்கிறார். "இதும் தட்டிப் போச்சுன்னா என்ற தம்பி கட்டக் கடைசி வரைக்கும் ஒத்தையாத்தான் நிக்கோணும்" என்று அம்மா அன்று முழுக்கப் புலம்பினாள். அது வெறும் புலம்பல் இல்லை. அந்தப் பேச்சும் முறிந்தால் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் எங்கள் வாசலை மிதிக்க மாட்டார்கள் என்பது எனக்கே தெரியும்.

மேட்சுக்கு அப்பாதான் அவரை அழைத்துப் போவதாக ஏற்பாடு. ஆனால் அன்றைக்கு விடியும்போதே எங்கள் எருமைக்கு வலி எடுத்துவிட்டது. தலைச்சன் ஈற்று. அப்பாவால் கட்டுத்தறியை விட்டு நகர முடியாது. வந்த மனிதரோ குடையும் கையுமாக வாசலில் நிற்கிறார். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை என்றால் அது மரியாதையில்லை. இந்த நெருக்கடியில்தான் நான் முன்னே வந்தேன்.

"நான் கூட்டிட்டுப் போறேன். அவுங்களுக்கு ஆட்டத்தை வெளக்கிச் சொல்ல ஆள் வேண்டாமா?"

"இவனுக்குத் தெரியுமுங்களா?" என்றார் பெண்ணின் அப்பா.

"தெரியுமாவா? ஊருக்கே இவன்தானுங்க வாத்தியாரு" என்றார் அப்பா, கட்டுத்தறியிலிருந்து. எருமைமேல் பட்டால் இரண்டு கோல் என்ற சட்டம் அவருக்கும் தெரியும். அதைத்தான் குத்திக் காட்டினார். ஆனால் கேட்டவர் அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டு, "அப்ப இவனே வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அம்மா மாரியம்மன் கோயிலில் வைத்து எடுத்த ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்தாள். தலையில் குங்குமம் அப்பியிருந்தது. வந்தவர் கண்ணெதிரேயே அதை என் சட்டைப் பையில் போட்டாள். "மாமன் கையில குடு. மடியில முடிஞ்சுக்கச் சொல்லு. நாலு பேர் கண்ணு படற எடம்." பிறகு என் காதருகே குனிந்து, "அவரை மாமாங்காதே, அப்புச்சீங்காதே. பேச்சு முடியற வரைக்கும் ஏனுங்க போதும்" என்றாள். உறவு உறுதியாகாமல் முறை வைத்துக் கூப்பிடக் கூடாதாம்.

ராசிபுரம் போய்ச் சேலத்துக்குப் பஸ் ஏறினோம். உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய கொப்பரையைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். பெண்ணின் அப்பா குடையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தள்ளினார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு அவருக்கு ஹாக்கியின் நுணுக்கங்களை எடுத்துச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் நடந்தேன். சேலம் போய்ச் சேர்வதற்குள் எனக்குத் தெரிந்தது தெரியாதது எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன். எருமையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

மைதானத்தைப் பார்த்ததும் என் வாத்தியார் வேலைக்கு முதல் அடி விழுந்தது. நான் ஊரில் நடத்திய ஹாக்கிக்கும் இதற்கும் மட்டை ஒன்றுதான் பொது. அதுவும் பனைமட்டை இல்லை. களத்துமேடு மாதிரி வழவழவென்று தரை. சுண்ணாம்பில் கோடுகள். சுற்றிலும் கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே மில் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் நாற்காலிகளில் மில் மானேஜரும் பெரிய மனிதர்களும். எதிர்க் கட்சி, ரயில்வேக்காரர்கள். ரயிலேறி வெளியூரிலிருந்து வந்தவர்கள். முழங்கால் வரைக்கும் மேஜோடு, பளபளக்கும் முடி. அவர்கள் சும்மா பந்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததே எனக்குப் பயமாக இருந்தது. பந்து மட்டையோடு ஒட்டவைத்த மாதிரி கூடவே ஓடியது. அடித்தால் வெடிச் சத்தம் கேட்டது. துணிப்பந்தில் அந்தச் சத்தம் வராது.

மாமன் வந்தார். வேட்டி கட்டிய மாமனைத்தான் எனக்குத் தெரியும். இந்த மாமன் அரைக்கால் சட்டை போட்டு, இரண்டு கால்களிலும் மெத்தை கட்டி, அகட்டி அகட்டி நடந்து கோலுக்குப் போனார்.

நான் பழத்தோடு ஓடினேன். கயிற்றருகே மில் காவலாள் என்னைத் தடுத்து, "போடா அந்தாண்டை" என்றான். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நல்லது. மாமனுக்கு மடியே இல்லை. அரைக்கால் சட்டையில் எதை முடிவது? சரி, அவர் காப்பது என்ன? இரண்டு பக்கமும் இரண்டு கால், மேலே ஒரு குறுக்குச் சட்டம். அது நிலைவாசல்தானே! நிலைவாசலுக்குத் திருஷ்டி கழிக்க எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பார்கள்? வாசற்காலடியில். காவலாள் அந்தப் பக்கம் திரும்பியதும் வலைக்குப் பின்னால் தவழ்ந்து போய், வலையைத் தூக்கி, கம்பத்தின் அடியில் பழத்தை வைத்துவிட்டு வந்தேன். மாமன் பார்க்கவில்லை. பெண்ணின் அப்பா பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவரும் நிலைவாசல் வைத்து வீடு கட்டியவர்தான்.

ஆட்டம் தொடங்கியது. நடுவில் பந்தை வைத்து, இரண்டு பேர் எதிரெதிரே நின்று, தரையில் ஒரு தட்டு, மட்டையோடு மட்டை ஒரு தட்டு என்று மாறி மாறித் தட்டினார்கள்.

"இதென்ன சாமி, கோலாட்டமா?"

"இல்லீங்க. வணக்கம் சொல்லிக்கறாங்க."

"அந்த விசிலூதறவரு?"

"தோத்த கச்சிக்குச் சமாதானம் சொல்றவருங்க."

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்குத் தெம்பு கூடியது. பிறகுதான் நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது.

"எல்லாரும் வேர்க்க வேர்க்க ஓடறாங்க. உன்ற மாமன் நின்னுக்கிட்டே இருக்காரே. ஓடறவனுக்கும் நிக்கறவனுக்கும் ஒரே கூலியா?"

"நிக்கறவருக்குத்தானுங்க ஜாஸ்தி."

"அதெப்படி?"

"ஓடறதுக்குப் பத்துப் பேரு இருக்காங்க. நிக்கறதுக்கு இவரு ஒருத்தர்தானுங்களே."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். மஞ்சள் தோட்டத்தில் பத்துப் பேர் களை எடுக்க, ஒருவர் வரப்பில் நின்று பார்ப்பார் அல்லவா, அந்தக் கணக்கில் அவருக்கு ஏதோ பொருந்தி வந்திருக்க வேண்டும். "அதும் சரிதான்" என்றார். இன்றுவரை என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் அதை மட்டும்தான் நல்ல வேலைப்பாடு என்று சொல்வேன்.

பிறகு ரயில்வேக்காரர்கள் புறப்பட்டு வந்தார்கள். அலை அலையாக வந்தார்கள். மாமன் குனிந்தார், காலை நீட்டினார், ஒருதரம் மண்ணில் விழுந்து நெஞ்சால் தடுத்தார். ஒரு பந்து அவரையும் தாண்டிப் போய்க் கம்பத்தில் 'டங்'கென்று மோதி வெளியே தெறித்தது. அது என் பழம் இருந்த கம்பம். மில் ஜனம் மாமனுக்குக் கைதட்டியது. நான் பெருமையோடு எனக்கு நானே தட்டிக்கொண்டேன். இடைவேளை விசில் ஊதியபோது இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டக்காரர்களுக்கு ஒரு தட்டில் எலுமிச்சம்பழத் துண்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தாகத்துக்கு வாயில் வைத்துச் சப்பினார்கள்.

இடைவேளை முடிந்து எல்லோரும் உள்ளே போனார்கள். மாமன் எங்கள் பக்கம் வரவில்லை. மைதானத்தின் அந்தக் கோடியிலுள்ள கோலுக்குப் போனார். எங்கள் எதிரே இருந்த கோலில் ரயில்வே ஆள் வந்து நின்றுகொண்டான்.

"ஏஞ் சாமி, எடம் மாறிட்டாங்க?"

பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவார்கள் என்பது ஊருக்கே ஹாக்கி சொல்லிக் கொடுத்த வாத்தியாருக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு இருந்தது. பழம் இந்தக் கோலில் கிடக்கிறது. மாரியாத்தா யாருடைய வாசல் என்று பார்க்க மாட்டாள். வைத்த இடத்தைக் காப்பாள். இனி அவள் ரயில்வேக்காரனைக் காக்கப் போகிறாள். அங்கே மாமன் தன்னந்தனியாக நிற்கிறார். கண்ணெதிரே அவர் கல்யாணம் கைமாறிக்கொண்டிருந்தது.

நான் கயிற்றுக்குள் நுழைந்துவிட்டேன். வலையைத் தூக்கிக் கையை விட்டுப் பழத்தை எடுத்தேன். ரயில்வே கோல்காரன் என்னைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கத்தினான். நான் பழத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஓரத்துக் கோட்டின்மேல் அந்தக் கோடியை நோக்கி ஓடினேன்.

"டேய் சாமி! நில்லு! அடேய்!"

திரும்பிப் பார்த்தேன். பெண்ணின் அப்பா குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார். ஜனத்துக்கு ஏகக் கொண்டாட்டம். "விடாதே, பிடி!" என்று அவருக்குப் பாதிப் பேர், "ஓடு, ஓடு!" என்று எனக்குப் பாதிப் பேர். உள்ளே நடந்த ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் யாருமே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

நான் மாமன் கோலின் பக்கம் போய்ச் சேர்ந்தபோது ரயில்வேக்காரர்கள் மறுபடி புறப்பட்டு வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே போக நேரமில்லை. இருந்த இடத்திலிருந்தே கம்பத்தைக் குறிபார்த்துப் பழத்தை வீசினேன். குறி தப்பவில்லை, அதுதான் வினை. பழம் கம்பத்தில் பட்டுத் துள்ளி, கோலுக்கு முன்னால் உருண்டது. அதே சமயம் பந்தும் வந்தது. மாமன் பந்தைக் காலால் தடுத்து வெளியே தள்ளினார். அவருக்கு முன்னால் ஓடிவந்த ரயில்வேக்காரன் குனிந்த தலையோடு வந்தவன், காலடியில் என்னவோ உருண்டையாக ஓடுவதைப் பார்த்தான். பழக்க தோஷம். மட்டையால் ஒரு தள்ளு. எலுமிச்சம்பழம் மாமனின் இரண்டு கால்களுக்கும் நடுவில் புகுந்து வலைக்குள் போய் நின்றது.

"கோல்!" என்று கத்தினார்கள் ரயில்வேக்காரர்கள்.

விசிலூதுகிற துரை வந்தார். வலையை விலக்கினார். குனிந்து எடுத்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். நாற்காலியிலிருந்து மில் மானேஜர் எழுந்து நின்றார். கூட்டத்துக்குக் காவலாக வந்திருந்த ஒரு போலீஸ்காரர் என் பிடரியைப் பிடித்துவிட்டார். இன்னொரு கையில் பிரம்பு. பெண்ணின் அப்பா மூச்சிரைக்க எங்கள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது யார் போட்டது?" என்றார் துரை, பழத்தைத் தூக்கிக் காட்டி. அவருடைய தமிழ் தெளிவாகவே இருந்தது. கோபமும்.

மாமன் பழத்தைப் பார்த்தார். அதன் தலையிலிருந்த குங்குமத்தைப் பார்த்தார். பிறகு போலீஸ்காரர் கையில் தொங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். அக்காவின் கைவேலை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான்தானுங்க கொண்டாரச் சொன்னேன்" என்றார். "நாக்கு வறண்டு போச்சுங்க. பையன் பழத்தை வீசிட்டான், நான் புடிக்காம உட்டுட்டேன். பையன் மேல தப்பில்லீங்க."

"இன்டர்வெல்லில் கொடுத்தார்களே?"

"பத்தலீங்க."

துரை நம்பவில்லை. மானேஜர் அதைவிட நம்பவில்லை. ஆட்டத்தின் நடுவில் பழம் கேட்கிற கோல்காரனை எந்த மானேஜர் விரும்புவார்? மாமன் கையை நீட்டினார். துரை பழத்தைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, சாப்பிடு பார்க்கலாம் என்பதுபோல அப்படியே நின்றார்.

மாமன் கடித்தார். தோலோடு, மண்ணோடு, குங்குமத்தோடு. ஒரு கடி, இரண்டு கடி, மென்று விழுங்கினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் பல் கூசியது. பெண்ணின் அப்பா என் பக்கத்தில் நின்று வாயைக் கோணினார். பாதிப் பழம் உள்ளே போனதும் துரை கையைக் காட்டிப் போதும் என்றார். கோல் இல்லை என்று சொல்லி, போலீஸ்காரரிடம் என்னை விடச் சொல்லி, மறுபடி வணக்கம் போட்டு ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

மிச்ச ஆட்டத்தை நான் பெண்ணின் அப்பாவின் இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அவர் கை என் காதைப் பிடித்திருக்கப் பார்த்தேன். எனக்குக் கவலை ஒன்றுமில்லை. ஆத்தாவின் பழம் இப்போது மாமனின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குமேல் பத்திரமான மடி ஏது? மாமனும் அதற்கேற்ற மாதிரி நின்றார். வாயெல்லாம் குங்குமச் சிவப்பாக, ஏதோ உக்கிர தெய்வம் போல நின்றார். ரயில்வேக்காரர்கள் வந்து வந்து திரும்பிப் போனார்கள். கடைசி விசிலும் ஊதியது. இரண்டு பக்கமும் கோல் இல்லை.

"யாரு ஜெயிச்சது?" என்றார் பெண்ணின் அப்பா.

"யாரும் இல்லீங்க."

"இத்தனை நேரம் ஓடியா?"

நான் பார்த்த முதல் பெரிய ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் எலுமிச்சம்பழம் போட்டதுதான். அதையும் துரை தள்ளுபடி செய்துவிட்டார்.

மாமன் கால் மெத்தையைக்கூட அவிழ்க்காமல் எங்களிடம் வந்தார். அவரைத் திட்டிவிட்டுத்தான் மானேஜர் காரில் ஏறிப் போயிருந்தார். மாமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெண்ணின் அப்பா அவர் வாயைப் பார்த்தார்.

"பழம் புளிப்புங்களா?"

"இல்லீங்க" என்றார் மாமன்.

"ம்" என்றார் அவர். அவ்வளவுதான். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நடந்துவிட்டார். மாமன் மெத்தைக் காலோடு அங்கேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் இப்போதுதான் சுளித்தது.

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் பெண்ணின் அப்பா பேசவில்லை. நானும் பேசவில்லை, என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். கொப்பரையில் கரி போட்டு ஊதுகிறவனை வேடிக்கை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று கூட்டிக் கழித்தேன். ஒன்றும் தேறவில்லை. இவரும் எழுந்து போனால் போனதுதான். அதுவும் இந்த முறை மாமனின் வேலையால் இல்லை, என்னால். கடைசியில் தாங்க முடியாமல் அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தேன்.

"ஏனுங்க, எங்க மாமனுக்குப் பொண்ணு குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

அவர் குனிந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு நீ மட்டும் வந்துராதே, சாமி."